பெட்டிக்குத்தான் எண், பிள்ளைக்கு அல்ல

விளையாட்டுக்குப் போய் இவ்வளவு கோபமா என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பரீட்சையில் பிள்ளைகளைத் தரம் பிரித்தால் யாராவது ஒருவர் கேள்வி கேட்பார். விளையாட்டில் பிரித்தால் யாரும் கேட்பதில்லை. ‘சும்மா ஜாலிக்குத்தானே’ என்று போய்விடுவார்கள். அந்தத் தைரியத்தில்தான் நாம் விளையாட்டில் எந்தக் கூச்சமும் இல்லாமல் அநியாயம் செய்துகொண்டிருக்கிறோம்.

பள்ளி விடுமுறை வந்தால் போதும். சுங்கைப்பட்டாணி, பீடோங், லூனாஸ், கூலிம், பாடாங் செராய் என்று எங்கள் வட்டாரத்தில் ஏதாவது ஓர் இளைஞர் இயக்கமோ கோயில் நிர்வாகமோ பெற்றோர் சங்கமோ ‘புதையல் வேட்டை’ நடத்தும். பள்ளிக்கூடக் கேம்பில் அதற்குப் பெயர் எக்ஸ்ப்ளோரேஸ். கார் வைத்திருக்கும் பெரியவர்களுக்கு மோட்டார் டிரெஷர் ஹண்ட். பெயர்கள் வேறு, அச்சு ஒன்று. ஒரே கேள்வித்தாள், ஒரே நேரக்கெடு, முதலில் வந்தவருக்கு ஹேம்பர். சில ஆண்டுகளாக இவற்றில் நானும் ஒத்தாசைக்குப் போகிறேன். பெரும்பாலும் ஏதாவது ஒரு நிறுத்தத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து முத்திரை குத்துகிற வேலை. அங்கே உட்கார்ந்தால் எல்லாம் தெரியும்.

ஆறு பேர் கொண்ட குழு வரும். படிவம் நான்கு படிக்கும் ஒரு பையன் தாளைக் கையில் வைத்திருப்பான். அவன்தான் படிப்பான், அவன்தான் யோசிப்பான். நன்றாக ஓடக்கூடிய ஒரு பெண் முன்னால் ஓடுவாள். மற்ற நான்கு பேரும் தண்ணீர் போத்தல் தூக்குவார்கள். மூன்றாம் ஆண்டுப் பையன் ஒருவன், ‘அண்ணே, என்ன கேள்விண்ணே?’ என்று கடைசி நிறுத்தம் வரை கேட்டுக்கொண்டே வருவான். யாரும் சொல்லமாட்டார்கள். மாலையில் அவனுக்கும் ஒரு சான்றிதழ் கிடைக்கும். அதில் ‘குழு உணர்வு’ என்று அச்சடித்திருக்கும்.

ஒருமுறை ஒரு கேள்வித்தாளைப் பார்த்தேன். ஒரு குறளின் எண்ணைக் கண்டுபிடித்து, அதன் இலக்கங்களைக் கூட்டி, வரும் எண்ணில் இருக்கும் மின்கம்பத்துக்குப் போய், அங்கிருந்து தெரியும் ஓர் ஆங்கிலப் பெயர்ப்பலகையின் எழுத்துகளைக் கலைத்துப் போட்டால் விடை. தயாரித்தவரிடம் கேட்டேன், “இத யாருக்காக வெச்சீங்க?” சிரித்துக்கொண்டே சொன்னார், “கஷ்டமா இருந்தாத்தான் சார் மதிப்பு. இல்லன்னா எல்லாரும் ஜெயிச்சிருவாங்களே.” இன்னொரு கூட்டம் இதற்கு நேர் எதிர். பலூனுக்குள் சீட்டு, சீட்டில் ‘இடது பக்கம் திரும்பு’, முடிவில் எல்லோருக்கும் மெடல். பன்னிரண்டு வயதுப் பெண் அந்த மெடலை வாங்கிய கையோடு மேசையில் வைத்துவிட்டுப் போனதைப் பார்த்தேன். அவளுக்குத் தெரியும், அது எதற்காகவும் கொடுக்கப்பட்டதல்ல என்று.

இந்த இரண்டு கூட்டமும் எதிரெதிர்க் கட்சிகள் போலத் தெரியும். எனக்கு அப்படித் தெரியவில்லை. விளையாட வருகிறவர் யார் என்று இரண்டு பேருமே கேட்கவில்லை. ஒருவர் தன் மூளையைக் காட்டக் கேள்வி வைத்தார். இன்னொருவர் புகார் வராமல் இருக்கக் கேள்வி வைத்தார்.

இதே வேலையை ஒழுங்காகச் செய்கிற ஒரு விளையாட்டு உலகத்தில் இருபத்தைந்து ஆண்டுகளாக நடக்கிறது. ஜியோகேச்சிங். ஒருவர் எங்காவது ஒரு பெட்டியை மறைத்து வைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை வெளியிடுவார். மற்றவர்கள் ஜி.பி.எஸ். கருவியோடு தேடிப் போய், உள்ளே இருக்கும் சிறு நோட்டில் பெயரெழுதிவிட்டு, பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வரவேண்டும். 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கம் வரை, பொதுமக்களின் ஜி.பி.எஸ். கருவிகளுக்குக் கிடைக்கும் சமிக்ஞையை அமெரிக்க அரசு வேண்டுமென்றே கலங்கடித்து வைத்திருந்தது. ஏறக்குறைய 100 மீட்டர் வரை பிசகும். அந்தத் தடையை எடுத்த மறுநாளே, மே 3ஆம் தேதி, டேவ் உல்மர் என்பவர் ஓரிகன் மாநிலத்தில் பீவர்கிரீக் என்ற ஊருக்கு அருகே ஒரு வாளியை வைத்தார். உள்ளே சில பொருள்கள், கூடவே ஒரு பீன்ஸ் டின். இன்று உலகம் முழுக்க முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் இருக்கின்றன.

நான் இங்கே பேச வந்தது அந்த வாளியைப் பற்றி அல்ல, பெட்டியின் மேல் எழுதப்படும் இரண்டு எண்களைப் பற்றி. ஒவ்வொரு பெட்டிக்கும் அதை வைத்தவரே இரண்டு மதிப்பெண் கொடுக்க வேண்டும். ஒன்று தேடல் கடினம். மற்றொன்று பாதைக் கடினம். இரண்டும் 1 முதல் 5 வரை, அரை அரையாக ஏறும். ஆக ஒன்பது படிக்கு ஒன்பது படி, 81 வகைப் பெட்டிகள். பாதைக் கடினம் 1 என்றால் சக்கர நாற்காலியில் இருப்பவர் போய் எடுக்க முடியவேண்டும். 5 என்றால் படகோ கயிறோ வேண்டும். தேடல் கடினம் 1 என்றால் போனதும் சில நிமிடத்தில் கிடைத்துவிடும். 5 என்றால் பல நாள் மண்டையை உடைக்க வேண்டியிருக்கும்.

இதிலிருக்கும் நியாயத்தைக் கவனியுங்கள். மூளையையும் காலையும் தனித்தனியாக அளக்கிறார்கள். முட்டி வலிக்கிற ஒருவர் ‘தேடல் 4, பாதை 1’ என்ற பெட்டியை எடுத்துக்கொள்ளலாம். எழுத்தோடு சண்டை போடும் ஒரு பையன் ‘தேடல் 1, பாதை 4’ என்ற பெட்டிக்கு மலையேறிப் போகலாம். இரண்டு பேரும் முழுமையாக ஒன்றைக் கண்டுபிடித்தவர்கள்தான். அதைவிட முக்கியம், எண் பெட்டியின் மேல் இருக்கிறது. விளையாடுகிறவர் மேல் எந்த எண்ணும் இல்லை. ‘நீ இரண்டாம் நிலை, இதைத்தான் தேடவேண்டும்’ என்று யாரும் சொல்வதில்லை. எண் தவறாக இருந்தால் கண்டுபிடித்தவர்கள் வந்து, ‘இது 2 இல்லை, 3.5’ என்று எழுதுவார்கள். வைத்தவர்தான் திருத்த வேண்டும்.

நமக்கு இது புரிவதில்லை. ஏனென்றால் எண்ணைப் பிள்ளையின் நெற்றியில் எழுதியே பழகிவிட்டோம். யு.பி.எஸ்.ஆர். தேர்வை 2021இல் எடுத்துவிட்டார்கள். ‘எத்தனை ஏ?’ என்ற கேள்வி போய்விட்டது. இப்போது வகுப்பறை மதிப்பீட்டில் 1 முதல் 6 வரை அடைவுநிலை. ‘உங்க பையன் மூணுதான் டீச்சர் சொன்னாங்க’ என்று ஒரு தாய் பேருந்து நிறுத்தத்தில் பேசுவது காதில் விழுகிறது. அவன் மூன்று. கேள்வி எத்தனை என்று யாருக்கும் தெரியாது. கேள்வி தயாரித்தவர் எந்த எண்ணையும் சுமப்பதில்லை. பள்ளியில்தான் இப்படி என்றால், விடுமுறையில் கோயில் திடலுக்குக் கூட்டி வந்தும் அதையே செய்யவேண்டுமா? நம் இலக்கியச் சூழலிலும் இதே வழக்குதான். ‘புரியல’ என்று வாசகர் சொன்னால் ‘உனக்குத் தகுதி போதாது’ என்று பதில் வருகிறது. அதை விடுங்கள், அது வேறு சண்டை.

இப்போது ‘திறன்’ என்ற சொல்லுக்கு வருகிறேன். பல்வேறு திறன் நிலையில் இருப்பவர்களுக்கு விளையாட்டு அமைக்க வேண்டும் என்றால், எது திறன் என்று யார் முடிவு செய்வது? தோட்டத்தில் மரம் வெட்டியவர்களை நாடு எந்தப் பட்டியலில் வைத்திருந்தது என்று எல்லோருக்கும் தெரியும்: திறன் தேவைப்படாத கூலி வேலை. விடியுமுன் பெரட்டுக்குப் போய், தலையில் கட்டிய விளக்கு வெளிச்சத்தில், பட்டையை ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்குச் சீவி, உள்மரத்தில் காயம் படாமல், ஒரு நிரை முழுக்க நூற்றுக்கணக்கான மரங்களை வெட்டி முடிப்பதற்குத் திறன் வேண்டாமாம். இந்தப் பொய்யை நம் கேள்வித்தாள்கள் இன்றும் பரப்புகின்றன. ஆங்கில எழுத்தைக் கலைத்துப் போடத் தெரிந்தவன் கெட்டிக்காரன். மங்கையும் பீலியையும் பார்த்தவுடன் எந்தத் துண்டில் எத்தனை நாளாக வெட்டு நின்றிருக்கிறது என்று சொல்லக்கூடியவர் பார்வையாளர், வெயிலுக்குக் குடை பிடித்துக்கொண்டு மேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்.

ஒரு சின்னப் புதிர் சொல்கிறேன். ரப்பர் மரம் வெட்டுவதைக் காட்டும் நான்கு படங்களை வரையுங்கள். மூன்றில் வெட்டுக்கோடு வலது மேலிருந்து இடது கீழாகச் சரியட்டும். ஒன்றில் மட்டும் இடது மேலிருந்து வலது கீழாக, ஏறக்குறைய 30 பாகைச் சரிவில். எது சரியான படம்? அதன் கீழே இருக்கும் எண்தான் பெட்டியின் இடத்துக்கான கடைசி இலக்கம். மரம் வெட்டியவர் பார்த்தவுடன் விரலை வைப்பார். பட்டைக்குள் பால்குழாய்கள் கொஞ்சம் சாய்ந்து ஓடுகின்றன, இடமிருந்து வலமாக இறக்கி வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபடும், பால் நன்றாக வரும் என்ற காரணத்தை அவர் சொல்லாமல் இருக்கலாம். கைக்குத் தெரியும். சுங்கைப்பட்டாணி தாமானில் வளர்ந்த பட்டதாரி நான்கு படத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அப்படியானால் இந்தப் புதிரின் தேடல் கடினம் எத்தனை? ஜியோகேச்சிங்கில் ஒரே ஓர் எண்தான் எழுத முடியும். அந்த இடத்தில் நான் அவர்களோடும் சண்டை போடுவேன். நம் வேட்டையில் இரண்டு எண் எழுதுவோம். ‘தோட்டத்தாருக்கு 1, டவுன்காரருக்கு 4’ என்று வெளிப்படையாக அச்சடிப்போம். அதைப் படிக்கிற பேரன் பாட்டியை நாற்காலியிலிருந்து எழுப்பிக் கூட்டிவருவான். கள்ளுக்கடைகளை எதிர்த்துக் கெடா தோட்டங்களில் 1946-47இல் கிளம்பிய தொண்டர் படையையும், பீடோங் ஹார்வர்ட் தோட்டத்து ஏ. எம். சாமியையும் பற்றி ஒரு கேள்வி வைத்தால் அதற்கும் இப்படித்தான் இரண்டு எண் வரும். ஒரு வீட்டில் அது பாடப்புத்தகத்தில் இல்லாத பெயர். இன்னொரு வீட்டில் தாத்தா சொல்லிக் கேட்ட கதை.

சரி, எப்படி வைப்பது? ஒரு தோட்டத்தில் ஐந்து பெட்டி என்று வைத்துக்கொள்வோம்.

முதல் பெட்டி 1/1. கோயில் பந்தல் ஓரம், சிமெண்டுத் தரை, மைலோ டின் அளவுப் பெட்டி. ‘தரை சமமாகத்தானே இருக்கிறது’ என்று 1 போட்டுவிட்டு, பெட்டியை ஆறடி உயரத்தில் கட்டித் தொங்கவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சக்கர நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டிப் பாருங்கள். எட்டவில்லையென்றால் அது 1 இல்லை. இந்தப் பெட்டியைத் தேடி யாரும் வெறுங்கையோடு திரும்பக் கூடாது.

இரண்டாவது 1.5/3. செம்பனைக்குள் இரண்டு கிலோமீட்டர் நடை. இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. செம்பனையை முக்கோணமாக, மரத்துக்கு மரம் ஏறக்குறைய 9 மீட்டர் விட்டு நடுவார்கள். வெட்டவெளியில் கைப்பேசி 5 மீட்டருக்குள் சரியாகக் காட்டும். அடர்ந்த ஓலைக்கூரையின் கீழ் 10 மீட்டர் பிசகுவது சாதாரணம். அந்தப் பிசகில் நடு மரமும் சுற்றியுள்ள ஆறு மரங்களுமாக ஏழு மரங்கள் சந்தேகத்துக்குள் வந்துவிடும். ஏழும் அச்சடித்தாற்போல் ஒரே மாதிரி. ஆகவே நீங்கள் 1.5 என்று எழுதிய பெட்டி அங்கே தானாக 3 ஆகிவிடும். வேறு வேறு நாளில், வேறு வேறு நேரத்தில் போய் எண்ணை அளந்து சராசரி எடுக்க வேண்டும். அதற்குச் சோம்பல் என்றால் பெட்டியை வாய்க்கால் பாலத்துக்குப் பக்கத்தில் வையுங்கள், பாலம் ஒன்றுதான் இருக்கும்.

மூன்றாவது 4/1. வெட்டுக்கோட்டுப் படம் மாதிரியான புதிர், வீட்டிலேயே உட்கார்ந்து தீர்ப்பது. பெட்டி இருப்பது பேருந்து நிறுத்தத்தில். நான்காவது 3/3, இரண்டும் கலந்தது. ஐந்தாவதில்தான் சூட்சுமம். அதன் இடத்துக்கான எண்கள் எங்கும் வெளியிடப்படாது. முதல் நான்கு பெட்டிகளின் மூடிக்குள்ளே ஆளுக்கு ஓர் இலக்கம் எழுதியிருக்கும். நான்கையும் சேர்த்தால்தான் ஐந்தாவது திறக்கும். படிவம் நான்கு பையன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும், நேரம் முடிவதற்குள் நான்கு இடத்துக்கும் அவன் ஒருவனால் போக முடியாதபடி இடைவெளி வையுங்கள். அப்போது மூன்றாம் ஆண்டுப் பையன் கோயில் பந்தலில் கண்டுபிடித்த இலக்கத்துக்காக அண்ணன் அவனிடம் வந்து நிற்பான். சான்றிதழில் எழுதாமலே குழு உணர்வு வரும்.

துப்பு கொடுப்பதிலும் ஒரு மரியாதை வேண்டும். நம் ஆட்கள் ஒலிபெருக்கியில் துப்பு கொடுப்பார்கள். வேண்டாதவன் காதிலும் விழுந்து அவன் சந்தோஷம் போய்விடும். ஜியோகேச்சிங்கில் துப்பை 13 எழுத்து தள்ளி மறைத்து எழுதுவது வழக்கம். ஆங்கிலத்தில் 26 எழுத்து, பாதி 13. வேண்டியவர் மட்டும் எழுத்தை மாற்றிப் படிப்பார். தமிழில் இது இன்னும் அழகாக வரும். மெய் பதினெட்டு, பாதி ஒன்பது. க வரும் இடத்தில் ம, ங வரும் இடத்தில் ய, ச வரும் இடத்தில் ர என்று ஒன்பது தள்ளுங்கள். உயிர்க்குறியைத் தொடவேண்டாம். ‘மரம்’ என்பது ‘கசக்’ ஆகும், ‘வேர்’ என்பது ‘டேச்’ ஆகும். திரும்ப ஒன்பது தள்ளினால் பழைய சொல் வந்துவிடும். நெடுங்கணக்கு தெரிந்த இரண்டாம் ஆண்டுப் பிள்ளைக்கு இதுவே ஒரு விளையாட்டு. துப்பு வேண்டுமா வேண்டாமா என்பதை அந்தப் பிள்ளையே முடிவு செய்யும்.

‘போட்டின்னா எல்லாருக்கும் ஒரே கேள்விதான், அதுதானே நியாயம்’ என்பார்கள். ஒரே கேள்வி என்பது, யாருடைய வீட்டில் அந்தக் கேள்விக்கான அறிவு ஏற்கெனவே இருக்கிறதோ அவர்களுக்கு முன்கூட்டியே கொடுத்த ஹேம்பர். ‘எளிமையா வெச்சா மதிப்பில்ல’ என்பார்கள். கல் குவியலுக்குள் விரல் நுனி அளவு டப்பா ஒன்றைப் போட்டு 5 என்று எழுதுவது உலகத்திலேயே சுலபமான வேலை, எந்த முட்டாளும் செய்வான். ஏழு வயதுப் பிள்ளை தானாகக் கண்டுபிடித்து, ‘நான்தான் பார்த்தேன்!’ என்று கத்தும்படி ஒரு நேர்மையான 1 வைப்பதுதான் கஷ்டம். அதற்கு அந்தப் பிள்ளையின் கண் உயரத்துக்குக் குனிந்து பார்த்திருக்க வேண்டும். ‘இவ்வளவு செய்ய ஆள் இல்ல லா’ என்பார்கள். மேடைக்கும் மாலைக்கும் பொன்னாடைக்கும் எப்போதும் ஆள் இருக்கிறது.

கடைசியாக, ஊர் தெரியாமல் வைக்காதீர்கள். சிறு உலோகக் குழாய்க்குள் பெயர்கள் எழுதிய தாளைச் சுருட்டி, முனியாண்டி கோயில் மரத்தடியில் சொருகி வைத்தால், வெளிநாட்டில் அது ஜியோகேச். எங்கள் தோட்டத்தில் அது செய்வினை. கண்டெடுத்தவர் நேராகப் பூசாரியிடம் போவார், ஒரு லயமே தூங்காது. கோயில், சுடுகாடு, போலீஸ் நிலையம் பக்கம் வேண்டாம். செம்பனையில் எலி பிடிக்க ஆந்தைக்குக் கூடு வைத்திருப்பார்கள், அதில் கைவைக்கக் கூடாது. உதிர்ந்த ஓலைக் குவியலுக்குள் பெட்டி வைப்பது நாகப்பாம்புக்கு ஆள் அனுப்புவதாகும். நிர்வாகத்திடம் கேட்காமல், ஜாகாவுக்குத் தெரியாமல் உள்ளே போகக் கூடாது. பூஜாங் பள்ளத்தாக்கின் சண்டிகளில் பெட்டியே வைக்கக் கூடாது. 2013இல் சுங்கை பத்து தோட்டத்தில் 11ஆம் எண் சண்டி நிலமேம்பாட்டில் இடித்துத் தள்ளப்பட்ட நாட்டில், மிச்சமிருக்கும் செங்கல்லை நாமும் கிளறவேண்டாம். அங்கே படிக்கட்டை எண்ணச் சொல்லுங்கள், தூண் தாங்கிய கல்லை எண்ணச் சொல்லுங்கள், அந்த எண்ணை வைத்து வேறு இடத்தில் பெட்டி கிடைக்கட்டும்.

அடுத்த விடுமுறைக்கு யாராவது வேட்டை நடத்தப் போவது உறுதி. அவர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். ஒவ்வொரு கேள்விக்குப் பக்கத்திலும் இரண்டு எண்ணை அச்சடியுங்கள், கீழே உங்கள் பெயரைப் போடுங்கள். அச்சுக்குப் போவதற்கு முன் ஓர் ஒன்பது வயதுப் பிள்ளையையும் மரம் வெட்டி ஓய்ந்த ஒரு பாட்டியையும் அழைத்து, அந்த வழியில் நடக்கவிட்டுப் பாருங்கள். அவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று குறித்துக்கொண்டு எண்ணைத் திருத்துங்கள். அதற்குச் சம்மதமில்லை என்றால் என்னை முத்திரை குத்தக் கூப்பிடாதீர்கள்.